ஹோஸைப் பார்க்காமல் மாஸ்டரில் கை வைக்காதீர்கள்

கேள்வி: எங்களிடம் இருப்பது 2001 மாடல் மாருதி ஜென், அப்பா ஓட்டிய வண்டி. அவருக்கு உடம்பு முடியாமல் போனபின் சில வருடம் ஷெட்டிலேயே கிடந்தது. போன வருடம் பேட்டரி, டயர் எல்லாம் மாற்றி நான் ஓட்ட ஆரம்பித்தேன். டவுனுக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. திருச்செந்தூர் ரோட்டில் போனால் முள்ளக்காடு தாண்டும்போதே வண்டி கனக்கிறது, ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கிறது. பழையகாயல் போவதற்குள் கருகின வாடை; முன் இடது வீல் பக்கம் கை கொண்டுபோக முடியவில்லை. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் தானாகவே சரியாகிவிடுகிறது. மெக்கானிக் அண்ணாச்சி முதலில் பிரேக் பேட் மாற்றினார். கழற்றிய பேட் இரண்டும் ஒரே அளவாகத் தேய்ந்து பளபளவென்று இருந்தன. அப்புறம் டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவினார். அப்புறம் அந்தப் பக்கக் காலிப்பரையே புதிதாகப் போட்டார். ஒரு வாரம் நன்றாக ஓடியது, மறுபடி அதே கதை. இப்போது மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றச் சொல்லட்டுமா? அடுத்த மாதம் ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும். அதுவரை மெதுவாக ஓட்டலாமா? மழை நாளில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் காலையில் பின் சக்கரம் பிடித்துக்கொண்டு, நகர்த்தும்போது ‘டக்’ என்று விடுகிறது. அதுவும் இதுவும் ஒரே கோளாறா?

— வாசகி, தூத்துக்குடி

பதில்: சகோதரி, பெடலை மிதித்தால் சக்கரங்களுக்குப் பிரேக் ஆயிலைத் தள்ளும் அந்த மாஸ்டர் சிலிண்டரை இப்போதைக்கு மாற்றச் சொல்லாதீர்கள். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் முன் இடது சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் மேல்தான். பேட், அது கவ்விப் பிடிக்கும் டிஸ்க், பேட்டை அழுத்தும் காலிப்பர் என்று வீலுக்குள் இருந்ததிலெல்லாம் கை வைத்துவிட்டு ஒரே தாவாக பானெட்டுக்குள் இருக்கும் மாஸ்டருக்குப் போய்விட்டார் அண்ணாச்சி. நடுவில் ஒரு முழ நீளத்தில் ஹோஸ் ஒன்று இருக்கிறது. அதை யாரும் தொட்டதாக நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் நான் சொல்கிறேன் என்பதற்காக ஹோஸையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டாம். ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பானர், கூட ஒரு ஆள் இருந்தால் கோளாறு எந்த இடத்தில் என்று ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

முதலில் அவசரமான கேள்வி. கீழே சொல்லும் சோதனைக்குத் தவிர, மெதுவாகக்கூட ஓட்ட வேண்டாம். பிரேக் பிடித்தபடியே ஓடினால் பெட்ரோல் வீணாகும், பேட் தேயும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சின்ன நஷ்டம். அந்த டிஸ்க்கின் சூடு காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலுக்கு ஏறுகிறது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. டாட் 3 என்ற தரத்துப் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. உங்கள் வண்டியில் இருப்பது அப்பா காலத்து ஆயிலாகக்கூட இருக்கலாம். காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியானால், அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் பஞ்சு போல உள்ளே போகும், பிரேக் இருக்காது. பிரேக் பிடித்துக்கொள்கிற வண்டி பிரேக்கே பிடிக்காத வண்டியாக மாறுவது இப்படித்தான். வீல் பேரிங்கின் கிரீஸ் உருகி வடிவது, டயர் ஓரம் வெந்துபோவது எல்லாம் அதற்குப் பின்னால் வரும்.

வழியில் மாட்டிக்கொண்டால் ஓரமாக நிறுத்தி, கியரில் போட்டு, தானாக ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கோணிக்கொள்ளும், வெடிப்பும் விடலாம். அப்புறம், புகை அடிக்கிற பக்கம் நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். கருகும் பேட்டின் புகை நல்லதல்ல.

சரி, ஏன் ஹோஸ் என்கிறேன்? பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். எப்படி விடுகிறது என்று யோசிப்பவர்கள் குறைவு. பிடித்துக்கொள்கிற கோளாறுக்கு விடுகிற வேலையைத்தான் பார்க்க வேண்டும்.

டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர வெட்டு ரப்பர் சீல் உட்கார்ந்திருக்கும். மிதிக்கும்போது பிஸ்டன் முன்னால் நகர, அந்தச் சீல் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் முறுக்கு அவிழ்ந்து பிஸ்டனைத் தன்னோடு பின்னுக்கு இழுக்கும். இழுக்கிற தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். அந்த முடியளவு இடைவெளியில்தான் டிஸ்க் சுதந்திரமாகச் சுற்றுகிறது. சீல் தன் வேலையைச் செய்ய வேண்டுமானால் பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் திரும்பிப் போக வழி இருக்க வேண்டும். ஹோஸ் வழியாக, இரும்புக் குழாய் வழியாக, மாஸ்டர் சிலிண்டருக்கு, அங்கிருந்து மேலே இருக்கும் ஆயில் டப்பாவுக்கு. இந்தப் பாதையில் எங்கே அடைப்பு விழுந்தாலும் காலிப்பர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பிரேக் விடாது.

இப்போது நீங்கள் எழுதிய இரண்டு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டும் பொன்னான தகவல். உங்கள் அண்ணாச்சி ஏன் அதைக் கவனிக்கவில்லை என்று தெரியவில்லை.

ஒன்று, பேட் இரண்டும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தன என்கிறீர்கள். பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தால் பெரும்பாலும் பிஸ்டன் பக்கம் இருக்கும் உள் பேட்தான் அதிகம் தேயும். காலிப்பர் நகர்கிற கைடு பின் இறுகியிருந்தால் ஒரு பேட் அதிகமாகவும் மற்றது குறைவாகவும் தேயும், அல்லது ஒரே பேட் சாய்வாகத் தேயும். இரண்டும் சமமாகத் தேய்ந்து, இரண்டும் வெந்து பளபளத்தால், காலிப்பர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது என்று அர்த்தம். யாரோ அதைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இருந்ததுபோல் உள்ளே அழுத்தம் நின்றிருக்கிறது. அந்தப் பழைய காலிப்பர் அநேகமாக நல்ல காலிப்பர்தான். அண்ணாச்சியிடம் இன்னும் இருந்தால் வாங்கி வையுங்கள்.

இரண்டு, ஒரே ஒரு சக்கரம்தான் சுடுகிறது என்கிறீர்கள். மாஸ்டர் சிலிண்டர் நான்கு சக்கரத்துக்கும் பொது. அது ஆயிலைத் திரும்ப வாங்க மறுத்தால் ஒரு சக்கரத்தை மட்டும் தண்டிக்காது. முன் சக்கரத்தால் இழுபடும் வண்டிகளில் பிரேக் லைன் பெரும்பாலும் குறுக்காகப் பிரிந்திருக்கும்: முன் இடதும் பின் வலதும் ஒரு ஜோடி, முன் வலதும் பின் இடதும் இன்னொரு ஜோடி. மாஸ்டரில் ஒரு பாதி கெட்டிருந்தாலும் ஜோடியில் இரண்டு சக்கரமும் சுட வேண்டும்.

ஆனால் இங்கே உங்களை ஒன்று கேட்க வேண்டும். மற்ற மூன்று சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தீர்களா? வாடை வந்த பக்கம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு “அந்த வீல்தான்” என்று முடிவு கட்டுவதுதான் எல்லோரும் செய்வது. என் பதில் முழுவதும் இந்த ஒன்றின் மேல் நிற்கிறது. அதனால் பட்டறைக்குப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள்: வீட்டுக்குப் பக்கத்தில், ஆளில்லாத ரோட்டில், சூடேறும் அளவுக்கு மட்டும் ஓட்டி, முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக உருட்டி நிறுத்துங்கள். நான்கு சக்கரத்திடமும் புறங்கையைக் கொஞ்சம் தள்ளியே பிடித்துப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். முன் இடது மட்டும் என்றால் நான் சொன்ன வழி. முன் இடதும் பின் வலதும் என்றால் மாஸ்டர். முன் இரண்டும், அல்லது நான்கும் என்றால் பெடலிலிருந்து, மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் வரை பார்க்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

காலிப்பர் மாற்றிய பிறகு ஒரு வாரம் நன்றாக ஓடியது என்கிறீர்களே, அந்த வாரம் திருச்செந்தூர் ரோட்டில் போனீர்களா? போயிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். டவுன் ஓட்டத்தில் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும்.

ஹோஸுக்குள் நடப்பது இதுதான். வெளியே தெரிவது ரப்பர் உறை. அதற்குள் நூல் பின்னல். அதற்குள் ஆயில் ஓடுகிற உள் குழாய். வயதாக ஆக உள் குழாய் ஊறி, உப்பி, ஓட்டை சுருங்கும். சில சமயம் உள்ளே ஒரு செதில் உரிந்து ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் மிதிக்கும்போது வருகிற பெரிய அழுத்தத்துக்கு அது விலகி வழி விடும். காலை எடுத்தபின் திரும்பி வருகிற ஆயிலில் அந்த வேகம் இல்லை, செதில் மூடிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது வால் டியூப் செய்கிற அதே வேலை, உள்ளே போக விடும், வெளியே வர விடாது. மிச்ச அழுத்தத்தில் பேட் லேசாக உரசும், சூடேறும், சூட்டில் ஆயில் விரியும், விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் இன்னும் இறுக்கும். முள்ளக்காட்டில் கனத்தது பழையகாயலில் கருகுவது இதனால்தான். அரை மணி நேரத்தில் ஆயில் ஆறிச் சுருங்கும், செதில் வழியாகக் கொஞ்சம் கசிந்தும் போகும், வண்டி ஒன்றும் தெரியாததுபோல் நகரும்.

வெளியே இருந்து பார்த்தால் இந்த ஹோஸ் நன்றாகவே இருக்கும். வெடிப்பு இருக்காது, கசிவு இருக்காது. “ஹோஸ் நல்லாத்தான் இருக்கு” என்று மெக்கானிக் சொல்வதில் பொய் இல்லை. அவர் பார்க்கிற இடத்தில் கோளாறு இல்லை. கடற்கரை ஊர்களில் இன்னொரு ரகமும் உண்டு. ஹோஸை பாடியோடு பிடித்து வைக்கும் இரும்புப் பிடிக்குள் உப்புக் காற்றில் துரு ஏறிப் பருத்து, ஹோஸை நாலாபுறமும் நெரித்துவிடும். உங்கள் ரோட்டின் ஓரமெல்லாம் உப்பளம். அந்தப் பிடியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதில் பட்டறைகள் மேல் எனக்கு ஒரு தீராத கோபம். பேட் மாற்றக் காலிப்பரைக் கழற்றினால் அதை ஒரு கம்பிக் கொக்கி போட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் தொங்கவிட வேண்டும். பாதிப் பேர் ஹோஸிலேயே தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். காலிப்பரின் கனம் முழுவதையும் தாங்கி வளைந்து நிற்கும் இருபது வயது ரப்பர் உள்ளே என்ன ஆகும்? இன்னும் சிலர் ஆயில் வடியாமல் இருக்க ஹோஸை லாக்கிங் பிளையரால் கவ்வி வைக்கிறார்கள். கவ்விய இடத்தில் உள் குழாய் நொறுங்கிவிடும். அரைகுறையாக இருந்த ஹோஸ், பேட் மாற்றியபோதும் காலிப்பர் மாற்றியபோதும் இன்னும் கெட்டிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இப்போது சோதனை. இதை அண்ணாச்சி முன்னால் செய்யச் சொல்லுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும், ஆறிய பிறகு செய்தால் ஒன்றும் தெரியாது. வண்டியை ஓட்டிச் சூடேற்றிப் பட்டறைக்குக் கொண்டுவரலாம். அதைவிட நல்லது, பட்டறையிலேயே என்ஜினை ஓடவிட்டு, பெடலைப் பலமாகப் பல முறை மிதித்து விட்டுப் பார்ப்பது. பெரும்பாலும் அதிலேயே பிடித்துக்கொள்ளும். பின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, முன் இடதை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருக்கிறதா? அப்படியே வைத்துக்கொண்டு காலிப்பரில் ஏர் எடுப்பதற்கென்று இருக்கும் சின்ன நிப்பிளில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒன்றை மாட்டி, அரைச் சுற்று திறக்கச் சொல்லுங்கள். ஆயில் சூடாக இருக்கும், நிப்பிளுக்கு நேராக முகத்தை வைக்க வேண்டாம்.

நிப்பிளைத் திறந்ததும் ‘பீச்’ என்று ஆயில் வந்து, அந்த நிமிடமே சக்கரம் சுதந்திரமாகச் சுற்றினால், உள்ளே அழுத்தம் நின்றிருக்கிறது. காலிப்பர் மேல் பழி இல்லை. ஆயில் வெறுமனே சொட்டி, சக்கரம் இறுகியபடியே இருந்தால் நான் சொன்ன ஹோஸ் கதையெல்லாம் தப்பு. காலிப்பர், கைடு பின், பேட் உட்காருகிற இடத்தின் துரு, இவற்றைத்தான் பார்க்க வேண்டும். புதுக் காலிப்பராகவே இருந்தாலும் பேட் உட்காரும் பிராக்கெட்டும் பின்னும் பழையதையே மாட்டியிருக்கலாம்.

பீச்சியது என்றால் இரண்டாவது படி. நிப்பிளை மூடி, டப்பாவில் ஆயில் அளவைப் பார்த்து, மறுபடி மிதித்துப் பிடிக்க வையுங்கள். இந்த முறை நிப்பிளைத் தொடாமல், ஹோஸின் மேல் முனையும் இரும்புக் குழாயும் சேரும் இடத்தில் இருக்கும் நட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள். சாதாரண ஸ்பானர் போட்டால் பழைய நட்டின் முனை மழுங்கிவிடும்; குழாய் நட்டுக்கென்று இருக்கும் ஸ்பானர்தான் வேண்டும். தளர்த்தியும் சக்கரம் இறுகியே இருந்தால் அடைப்பு அந்த நட்டுக்குக் கீழே, அதாவது ஹோஸில். தளர்த்தியதும் சக்கரம் விட்டுவிட்டால் ஹோஸ் நல்லது. அழுத்தம் மேலே இருந்து நிற்கிறது. நிப்பிள், நட்டு என்ற இந்த இரண்டு இடத்தையும் திறந்து பார்க்காததால்தான் இத்தனை செலவும் ஆகியிருக்கிறது.

மேலே என்று தெரிந்தால்கூட உடனே மாஸ்டரை மாற்றுவது கிடையாது. மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசி நுழையும் அளவில் ஒரு துவாரம் இருக்கும். கால் எடுத்திருக்கும்போது, பக்கெட் என்று சொல்கிற பிஸ்டனின் ரப்பர் சீல் அந்தத் துவாரத்தைத் தாண்டிப் பின்னால் வந்துவிட வேண்டும். அப்போதுதான் விரிந்த ஆயில் அதன் வழியாக டப்பாவுக்கு ஏறும். பக்கெட் முழுதாகப் பின்னால் வரவில்லை என்றால் துவாரம் அடைந்தே இருக்கும். ஏன் வராது? பெடலுக்குக் கொஞ்சம்கூடத் தளர்வு இல்லாமல் பிரேக் லைட் சுவிட்சை இறுக்கி வைத்திருக்கலாம். பூஸ்டரின் கம்பி நீளமாக இருந்து பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். யாராவது பூஸ்டரை மாற்றியிருந்தால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். பெடலின் அச்சு துருவில் இறுகியிருக்கலாம். சோதனை எளிது: மாஸ்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, மாஸ்டரைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்து, சக்கரங்கள் விடுகின்றனவா என்று பாருங்கள். விட்டால் மாஸ்டர் நல்லது, அதைத் தள்ளிக்கொண்டிருக்கும் கம்பியிலோ பெடலிலோதான் தப்பு. பூஸ்டர் மேலேயே சந்தேகம் என்றால் என்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதித்து அதன் வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். அதற்குப் பின் பிடிப்பு விட்டால் பூஸ்டரின் வால்வ் விட மாட்டேன் என்கிறது.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் எதையும் யோசிக்காமல் மொத்தமாக மாற்றச் சொல்வேன். டப்பாவின் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ரப்பரைப் பாருங்கள். அது உப்பி, நெளிந்து, மூடிக்குள் திரும்ப அடங்காமல் இருந்தால் யாரோ பிரேக் ஆயில் என்று நினைத்து என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள். வண்டி சும்மா கிடந்த வருடங்களில் யார் கை வைத்தார்கள் என்று உங்களுக்கே தெரியாது. அப்படியென்றால் மாஸ்டர் பக்கெட், காலிப்பர் சீல், வீல் சிலிண்டர் பக்கெட், ஹோஸ் எல்லாமே ஊறியிருக்கும். ஒன்றை மட்டும் மாற்றிப் புண்ணியமில்லை. குழாயைக் கழுவி எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும்.

ஹோஸ்தான் என்று உறுதியானால் முன்னால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வலது ஹோஸுக்கும் அதே வயதுதான். பின்பக்கமும் ரப்பர் ஹோஸ் உண்டு. அதன் பிடியையும் பார்த்து, முடிந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். எல்லாம் சேர்ந்தாலும் மாஸ்டர் சிலிண்டரின் விலைக்கு வராது. மாட்டும்போது காலிப்பர் பக்கத்து காப்பர் வாஷர் இரண்டும் புதிதாக இருக்க வேண்டும், பழையதைத் திருப்பிப் போட்டால் கசியும். ஹோஸ் முறுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசுகிறதா என்று பாருங்கள். கழற்றிய பழைய ஹோஸைக் கேட்டு வாங்கிப் பிளேடால் நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். வாயால் ஊதிப் பார்த்து “காற்று போகுதே” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போகிற திசை எது, வருகிற திசை எது என்பதுதான் கேள்வியே.

பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். டப்பா மூடியில் என்ன டாட் என்று அச்சிட்டிருக்கிறதோ அதையே, சீல் உடைக்காத சின்ன டப்பாவாக வாங்குங்கள். பாதி தீர்ந்து பட்டறை அலமாரியில் நிற்கிற ஆயில் ஏற்கெனவே ஈரம் குடித்தது. சிலிக்கான் ரகமான டாட் 5 மட்டும் வேண்டவே வேண்டாம். அது இதோடு கலக்காது. பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

ஏர் எடுக்கும்போது, அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றும்போது ஒரு விஷயம், இதை அநேகம் பேர் செய்வதில்லை. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். தினசரி ஓட்டத்தில் மாஸ்டரின் பிஸ்டன் முன் பாதியைத் தொடுவதே இல்லை. வருடக்கணக்கில் சும்மா கிடந்த வண்டியில் அந்தப் பகுதியில் துரு படிந்திருக்கும். ஏர் எடுக்கிறேன் என்று பெடலைத் தரை வரைக்கும் அமுக்கினால் நல்ல பக்கெட் அந்தத் துருவில் உரசிக் கிழியும். அப்புறம் “நான் அப்பவே சொன்னேன், மாஸ்டர்தான்” என்று அண்ணாச்சி ஜெயித்துவிடுவார்.

வேலையோடு வேலையாக வலது பக்கக் காலிப்பரின் கைடு பின்களையும் உருவித் துடைத்து, அதற்கான சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டச் சொல்லுங்கள். வீல் பேரிங்குக்குப் போடுகிற சாதாரண கிரீஸ் அங்கே கூடாது. பின்னின் ரப்பர் உறையை உப்பவைத்துப் பின்னையே இறுக்கிவிடும். பிடிக்கிற பேட்டை உப்புத்தாளில் தேய்த்துப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், பளபளப்பு போகும், காரணம் போகாது. இப்போது போட்டிருக்கும் பேட்டும் வெந்திருந்தால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கடைசிக் கேள்வி, பின் சக்கரம். அது வேறு கோளாறு, இதோடு சம்பந்தமில்லை. பின்னால் இருப்பது டிரம் பிரேக்; லைனிங் ஒட்டிய ஷூ, சுற்றுகிற டிரம்மின் உள்பக்கம் அழுந்திப் பிடிக்கும். மழை ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு ராத்திரி நிறுத்தினால், லைனிங் அழுந்திய இடத்தில் டிரம் துருப்பிடித்து ஷூவோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் ‘டக்’ என்பது அந்த ஒட்டு பிரியும் சத்தம். ஒரே ஒரு ‘டக்’கோடு விட்டுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். வண்டியைக் கழுவிய நாளிலும் அப்படியே; அல்லது கழுவியதும் தெருவில் ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்துக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

விட்ட பிறகும் பின் சக்கரம் உரசினால் ஹேண்ட் பிரேக் கேபிளைப் பார்க்க வேண்டும். கேபிளின் உறை கிழிந்து உப்புத் தண்ணீர் புகுந்தால் உள்ளே கம்பி துருவேறி, இழுக்கும்போது வரும், திரும்பிப் போகாது. உள்ளே லீவர் பக்கம் கேபிளைத் தளர்த்திவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். விட்டுவிட்டால் கேபிள், விடாவிட்டால் டிரம்முக்குள் வீல் சிலிண்டரோ ரிட்டர்ன் ஸ்பிரிங்கோ. கேபிளுக்கு எண்ணெய் விட்டு ஒப்பேற்றுவது ஒரு மாதம் தாங்கும், அவ்வளவுதான், மாற்றிவிடுங்கள். டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை ஏர் கன் வைத்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாது. ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நிற்கும் பையனையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஆர்.சி.க்கு வண்டியைக் காட்டும் முன் எல்லா வேலையும் முடித்து, பக்கத்தில் அண்ணாச்சியையும் உட்காரவைத்துக்கொண்டு பழையகாயல் வரை ஒரு நடை போய் வாருங்கள். நடுவில் முள்ளக்காட்டில் ஒருமுறை நிறுத்தி நான்கு சக்கரத்திடமும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். முன் இரண்டும் பின் இரண்டைவிடக் கூடுதலாகச் சுடுவது இயல்பு, முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இன்னும் இடது பக்கம் தூக்கலாகச் சுட்டால், அதே இடத்தில் நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து என்ன வருகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்; அதற்காக எட்டாம் நம்பர் ஸ்பானரும் ஒரு முழம் டியூபும் டிக்கியில் போட்டுக்கொண்டே கிளம்புங்கள். எட்டு பொருந்துமா என்று வீட்டிலேயே ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள், புதுக் காலிப்பரில் நிப்பிள் அளவு மாறியிருக்கக்கூடும்.